அத்தைக்கு வெண்புள்ளி இருந்தால் எங்கள் பிள்ளைக்கும் வருமா?

வெண்புள்ளி பரம்பரையாக வருமா, எதனால் வருகிறது என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்தால் உண்மையான கேள்வி வேறு. சொந்த ஊர் பேரணாம்பட்டுப் பக்கம். வரும் தை மாதம் அத்தை மகனோடு கல்யாணம். அந்த அத்தைக்கு ஆறு வருடமாக வெண்புள்ளி. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் 'சொல்யூஷன்' தடவி ஒட்டும் இடத்தில் வேலை பார்த்தவர். முதலில் விரல் நுனியிலும் மணிக்கட்டிலும் வந்து, பிறகு வாயோரத்துக்கும் முழங்காலுக்கும் பரவியிருக்கிறது. உங்கள் தாத்தாவுக்கும் காலில் வெள்ளை இருந்ததாம் என்று அம்மா சொல்கிறார். "அது அந்த வம்சத்து நோய், அங்கே கொடுக்கமாட்டேன்" என்கிறார். அப்பா வாயைத் திறக்கவில்லை. ஆக, நீங்கள் கேட்பது மூன்று: மாப்பிள்ளைக்கு வருமா, உங்களுக்கு வருமா, பிறக்கப்போகும் பிள்ளைக்கு வருமா. இதற்காகக் கல்யாணத்தை நிறுத்தத்தான் வேண்டுமா என்பது இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கிறது.

நான் தோல் மருத்துவர். 28 வருடமாக வேலூரிலும், வாரத்தில் ஒரு நாள் குடியாத்தத்திலும் நோயாளிகளைப் பார்க்கிறேன். கல்யாணப் பேச்சுக்கு நடுவில் இந்தக் கேள்வியோடு வந்து உட்காராத மாதம் எனக்கு இருந்ததில்லை. பெரும்பாலும் பெண்ணின் அம்மா தனியாக உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, "டாக்டர், மறைக்காம சொல்லுங்க, இது பரம்பரையா?" என்பார். அதனால் கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: வெண்புள்ளியைக் காரணம் காட்டி இந்தக் கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன். உங்கள் அத்தையின் தோலை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். பார்த்தால்தான் சொல்ல முடியும் என்ற இடங்களில் அப்படியே சொல்லிவிடுவேன்.

'பரம்பரை நோய்' என்று நம் ஊரில் சொல்லும்போது, அப்பன் சொத்து பிள்ளைக்கு வருவதுபோல நோயும் வந்தே தீரும் என்று நினைத்துக்கொள்கிறோம். வெண்புள்ளி அப்படி இறங்குவதில்லை. அது வருவதற்கான ஒரு சாய்வு, ஓர் இடங்கொடுக்கும் தன்மை, அதுதான் இறங்குகிறது. அந்தச் சாய்வும் ஒரே ஒரு மரபணுவில் இல்லை. இதுவரை ஏறக்குறைய 50 மரபணு இடங்கள் இதோடு தொடர்புள்ளவை என்று கண்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை நடத்துபவை. சில, தோலுக்கு நிறம் கொடுக்கும் வேலையோடு சம்பந்தப்பட்டவை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் சாய்க்கும். ஒன்றிரண்டு எல்லோரிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும். பல சேர்ந்து, அதற்கு மேல் வெளியிலிருந்து ஏதோ ஒன்று தட்டிவிட்டால்தான் வெள்ளை தெரியும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சாட்சி இரட்டையர்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரின் மரபணுக்கள் ஒன்றேதான். நோய் முழுக்க மரபணுவில் எழுதப்பட்டிருந்தால், ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தாக வேண்டும், நூற்றுக்கு நூறு. வெண்புள்ளியில் அந்தக் கணக்கு நூற்றுக்கு 23தான். என்னிடமே அப்படி ஒரு ஜோடி வந்தது, ஆற்காட்டுக்கு அருகிலிருந்து. அக்காவுக்கு 19 வயதில் கண்ணிமையில் ஆரம்பித்துக் கை கால் வரைக்கும் வந்துவிட்டது. இருபது நிமிடம் கழித்துப் பிறந்த தங்கைக்கு இன்றைக்கு 35 வயது, ஒரு பொட்டு வெள்ளை இல்லை. ஒரே ரத்தம், ஒரே வீடு, ஒரே சோறு.

சரி, எண்ணிக்கைக்கு வருகிறேன். யாரை எடுத்தாலும் பொதுவாக வெண்புள்ளி வரும் வாய்ப்பு 200 பேரில் ஒருவர் முதல் 50 பேரில் ஒருவர் வரை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளை என்ற நெருக்கத்தில் ஒருவருக்கு இருந்தால் அது நூற்றுக்கு 6 முதல் 8 வரை ஏறுகிறது. மாப்பிள்ளை அத்தை வயிற்றுப் பிள்ளை, அதனால் அவர் இந்தக் கணக்கில் வருவார். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்பது முக்கியம். 'மற்றவர்களைவிடப் பல மடங்கு' என்றாலும் உண்மை. 'நூறு பேரில் 92 பேருக்கு வாழ்நாள் முழுக்க வராது' என்றாலும் அதே உண்மை. பயந்திருக்கிறவர் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழும், அதனால் நான் எப்போதும் இரண்டாவதையும் சேர்த்தே சொல்வேன். நீங்கள் மருமகள் முறை மட்டுமல்ல, அண்ணன் மகள். அத்தைக்கு ரத்த உறவு. உங்களுக்கு அந்த 6, 8ஐவிடக் குறைவு, பொதுக் கணக்கைவிடக் கொஞ்சம் அதிகம். பிள்ளைக்கு இரண்டு வழியிலும் அந்தச் சாய்வு கொஞ்சம் வரலாம். ஆனால் உங்கள் இருவருக்கும் வெள்ளை இல்லாதவரை, பெற்றோரில் ஒருவருக்கு இருக்கும் பிள்ளையைவிட உங்கள் பிள்ளைக்கு வாய்ப்பு மிக அதிகமாகிவிடும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இன்னொரு பக்கமும் பாருங்கள்: வெண்புள்ளி வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு நெருங்கிய சொந்தத்தில் யாருக்குமே கிடையாது. அத்தை வீட்டை விட்டுவிட்டு வேறு எங்கே சம்பந்தம் செய்தாலும் 'வராது' என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

சொந்தத்தில் கட்டுவதால் கூடுமா என்பது தனிக் கேள்வி. நம் வட ஆற்காட்டில் இது சும்மா கேட்கும் கேள்வியும் இல்லை. 1970களில் இந்த மாவட்டத்தில் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், கிராமத்துத் திருமணங்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை மாமன், அத்தை மகன், மாமன் மகன் என்று சொந்தத்தில் நடந்தவையாக இருந்தன. வெண்புள்ளியைப் பொறுத்தவரை சில ஆய்வுகள் சொந்தத்தில் கட்டிய வீடுகளில் லேசான கூடுதலைக் காட்டுகின்றன, சில காட்டவில்லை. உறுதியாகத் தெரிவது வேறு. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் கோளாறுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2, 3 என்றால், அத்தை மகன், மாமன் மகள் உறவில் அதற்கு மேல் இன்னும் சுமார் 2 கூடும். உங்கள் அம்மா கவலைப்பட வேண்டுமானால், வெண்புள்ளிக்கு முன்னால் இதற்குத்தான் கவலைப்பட வேண்டும். குடும்பத்தில் காது கேளாத பிள்ளை, காரணம் தெரியாமல் சின்ன வயதில் இறந்த பிள்ளை, ரத்தக் கோளாறு என்று யாராவது உண்டா? உண்டு என்றால் கல்யாணத்துக்கு முன் மரபணு ஆலோசனைக்குப் போய் வாருங்கள். வேலூரில் அதற்கு வசதி இருக்கிறது.

இனி எதனால் வருகிறது என்பது. தோலின் மேலடுக்கின் அடிவரிசையில் நிறமிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் மெலனின் என்ற கருநிறப் பொருளைச் செய்து, தன்னைச் சுற்றியுள்ள முப்பத்தாறு செல்கள் வரைக்கும் ஊட்டுகிறது. கறுப்பாக இருப்பவருக்கும் சிவப்பாக இருப்பவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான், செய்யும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறு. மெலனின் செய்வது எளிய வேலை இல்லை. செய்யும்போதே செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அரிக்கும் பொருள்கள் உண்டாகும். நல்ல செல் அதைச் சமாளித்துக்கொள்ளும். வெண்புள்ளிக்குச் சாய்வுள்ளவரின் செல் அதில் திணறுகிறது, திணறும்போது ஆபத்துக்குக் குரல் கொடுக்கிறது. அந்தக் குரலைக் கேட்டு வரும் எதிர்ப்புச் செல்கள், கிருமியை அழிக்க வேண்டியவை, நிறமிச் செல்லையே எதிரி என்று எடுத்துக்கொள்கின்றன. இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் பொருளை விட்டு மேலும் ஆட்களைக் கூப்பிடுகின்றன. நிறமிச் செல் அழிந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கிறது. இதுவரை சொன்னது நன்றாக நிரூபணமானது. இன்னொன்றும் தெரிந்தது: வேலை முடிந்த பிறகும் அந்தச் செல்களில் கொஞ்சம் அதே இடத்தில் குடியிருந்துகொள்கின்றன. வைத்தியத்தில் கறுத்த இடம், மருந்தை நிறுத்திய சில மாதத்தில் அச்சடித்ததுபோல் அதே வடிவத்தில் மறுபடி வெளுப்பது அதனால்தான்.

உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் என்பதால் இதற்குக் கூட்டாளிகளும் உண்டு. முதல் கூட்டாளி தைராய்டு. அடுத்து திட்டுத்திட்டாக முடி கொட்டும் புழுவெட்டு, சிறு வயது சர்க்கரை நோய், பி12 குறைவால் வரும் ஒரு வகை ரத்தசோகை. வெண்புள்ளியோடு வருகிறவருக்கு நான் முதலில் எழுதும் ரத்தப் பரிசோதனை தைராய்டுக்குத்தான். உங்கள் அத்தைக்கு அதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். உடம்பின் ஒரே பக்கத்தில், ஒரு பட்டையாக வந்து, ஓரிரு வருடம் பரவி அப்படியே நின்றுவிடும் வேறொரு வகையும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதிகம் வரும். அதற்கும் குடும்பத்துக்கும் தொடர்பு இன்னும் குறைவு.

தட்டிவிடும் வெளிக்காரணங்களில் நாங்கள் கண்ணால் காண்பது உரசல். சாய்வுள்ளவர் தோலில் எங்கே அடிபடுகிறதோ, சிராய்க்கிறதோ, அங்கே வெண்மை பிடிக்கும். பாவாடை நாடா இறுக்கும் இடுப்பில் ஒரு வளையம், அரைஞாண் கயிற்றுத் தடத்தில் ஒரு கோடு, செருப்பு வார் படும் புறங்காலில் ஒரு வகிடு என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். பாவாடை நாடாவை அகலமான பட்டையாகத் தைத்துப் போடுங்கள் என்பது நான் தரும் மருந்துச் சீட்டில் எழுதாத மருந்து. வெயில் தீய்ப்பதும் அப்படித்தான். வெயிலூர் என்று சொல்லிக்கொள்கிற ஊரில் சித்திரை, வைகாசியில் வெள்ளைத் திட்டு கன்றிச் சிவந்து போனால், அதன் ஓரம் இன்னும் விரியலாம்.

உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த 'சொல்யூஷன்' என்ற ஒரு சொல்தான். 1939இல் அமெரிக்காவில் ஒரு டேனரித் தொழிலாளர்களுக்குக் கையிலும் முன்கையிலும் வெள்ளை விழுந்தது. தோலைப் பதப்படுத்தும் ரசாயனம்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். தேடிப் பார்த்தால், அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறையில் ரப்பர் கெடாமல் இருக்கக் கலந்திருந்த ஹைட்ரோகுவினோன் வகைப் பொருள் ஒன்று. வேலையிலிருந்து காக்கப் போட்ட உறையே நிறமிச் செல்லைக் கொன்றிருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் வேலை நடக்கிற இந்த வட்டாரத்தில் தோல் மருத்துவம் பார்க்கிற யாரும் அந்தக் கதையை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். பிறகு அந்த வரிசையில் இன்னும் பல பொருள்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால். ஷூ ஒட்டும் நியோபிரீன் பசையில் இதன் பிசின் சேர்ப்பதுண்டு. ஒட்டும் பொட்டின் பசையிலும் இருந்து, நெற்றி நடுவில் பொட்டளவுக்கே வெள்ளை விழுந்த பெண்களை நாட்டில் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறார்கள். தலைச்சாயம், ரப்பர் செருப்பு, மலிவான பர்ஸ் என்று பட்டியல் நீளும்.

இந்தப் பொருள்கள் செய்வது என்னவென்றால், நிறமிச் செல் மெலனின் செய்யப் பயன்படுத்தும் டைரோசினைப் போலவே வேஷம் போட்டு உள்ளே போகின்றன. போய், அந்தச் செல்லை மட்டும் குறிவைத்துத் திணற வைக்கின்றன. அப்படியானால் அங்கே வேலை செய்த எல்லோருக்கும் வந்திருக்க வேண்டுமே என்பீர்கள். அத்தையோடு அதே மேசையில் உட்கார்ந்திருந்த மற்றப் பெண்களுக்கு வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2013இல் ஜப்பானில் முகம் வெளுக்கும் கிரீம்களில் ரோடோடெண்ட்ரால் என்ற பொருளைச் சேர்த்து விற்று, வெள்ளைத் திட்டு வந்ததும் திரும்பப் பெற்றார்கள். அதைப் பூசியவர்களில் திட்டு வந்தது நூற்றுக்கு இரண்டு பேருக்கு. மற்ற 98 பேரும் அதையேதான் பூசினார்கள். அந்த இரண்டு பேரிடம் முன்பே ஒரு சாய்வு இருந்திருக்க வேண்டும், கிரீம் தட்டிவிட்டது. பரம்பரையா, வேலையா என்று உங்கள் வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறீர்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டுதான் வருகின்றன.

அத்தைக்கு விரல் நுனியிலும் மணிக்கட்டிலும் தொடங்கியது, பசை படும் இடத்தில்தான் தொடங்கியது. இது ரசாயனத்தைச் சந்தேகிக்க நல்ல காரணம். ஆனால் விரல் நுனியும் வாயோரமும் சாதாரண வெண்புள்ளிக்கும் பிடித்த இடங்கள், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்லமாட்டேன். ரசாயனத்தால் வருவதில் திட்டுகளைச் சுற்றிக் காகிதத்தைக் கிள்ளித் தூவியதுபோல் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அதை விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு: வேலையை விட்ட பிறகு பரவுவது நின்றதா, மெதுவானதா, அப்படியேதான் போகிறதா? கையில் பசை ஒட்டினால் தின்னரில் துடைத்தாரா? கையுறை போட்டாரா, எந்தக் கையுறை? பட்ட இடத்தை விட்டுவிட்டு முழங்காலுக்கு எப்படிப் போயிற்று என்று குழம்ப வேண்டாம். ஒரு முறை எதிர்ப்புச் செல்கள் நிறமிச் செல்லை அடையாளம் பிடித்துவிட்டால், பிறகு பசை படாத இடத்திலும் தேடிப்போகும். அத்தைக்கு வந்ததில் பசைக்குப் பெரிய பங்கு இருந்தால், அந்த வேலைக்கே போகாத உங்கள் பிள்ளைக்குப் பயம் அந்த அளவுக்குக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

மனக்கவலையால் வருமா? வந்ததற்கு முன் பெரிய துக்கமோ அதிர்ச்சியோ இருந்ததாகச் சொல்கிறவர்கள் நிறைய. நானும் நம்புகிறேன், ஆனால் நிரூபணம் பலமாக இல்லை. எந்தக் குடும்பத்தில்தான் இரண்டு வருடத்துக்குள் ஒரு துக்கம் இல்லாமல் போகிறது? வெண்புள்ளி வந்த பிறகு மனக்கவலை வருவது மட்டும் கண்கூடு. சாப்பாட்டால் வருமா என்றால், வராது. மீன் தின்றுவிட்டுப் பால் குடித்ததால், புளிப்பு சேர்த்ததால், கத்தரிக்காய் தின்றதால் என்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, "பத்து வருஷமா கத்திரிக்கா தொடல டாக்டர், அப்பவும் கீது" என்றார். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் விளைகிற மண்ணில் பிறந்து அதை வாயில் வைக்காமல் பத்து வருடம் இருந்தவர். அன்று வீட்டுக்குப் போய்க் குழம்பு வைக்கச் சொல்லி அனுப்பினேன்.

தாத்தாவின் காலுக்கு வருகிறேன், ஏனென்றால் அம்மாவின் வழக்கே அந்தக் காலில்தான் நிற்கிறது. 'இருந்ததாம்' என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. காலில் வெள்ளை என்றால் சுட்ட தழும்பாக இருக்கலாம், ஆறிய புண்ணாக இருக்கலாம், வெண்புள்ளியாகவும் இருக்கலாம். அந்தத் தலைமுறையில் இந்த மாவட்டத்தில் தொழுநோய் மிக அதிகம். 1948இல் வேலூரில்தான் பால் பிராண்ட் (Paul Brand) என்ற அறுவை மருத்துவர் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அறுவை செய்யத் தொடங்கினார். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்தது. தொழுநோய்த் தேமல் பால் வெள்ளையாக இருக்காது, மங்கலாக இருக்கும், அங்கே தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும். அது கிருமியால் வருவது, மருந்தில் குணமாவது. வெண்புள்ளியில் உணர்ச்சி முழுதாக இருக்கும், கிருமியே கிடையாது. இரண்டுக்கும் ஒட்டு உறவில்லை. ஆனால் வெண்குஷ்டம் என்ற பெயர் இரண்டையும் முடிச்சுப் போட்டு, எத்தனையோ பெண்களை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு வெண்புள்ளிகள் என்று சொல்ல வேண்டும் என்று தமிழக அரசே ஆணை போட்டிருக்கிறது. அம்மா அந்தப் பழைய சொல்லைச் சொல்லும்போது, சண்டை போடாமல், ஒவ்வொரு முறையும் நீங்கள் புதிய சொல்லையே திருப்பிச் சொல்லுங்கள். வீடு வார்த்தையில்தான் முதலில் மாறும்.

அத்தை இப்போதெல்லாம் விருந்தாளிக்குத் தன் கையால் காபி கொடுப்பதில்லை, மருமகளையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ கொடுக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்து எனக்கு மனசு கனத்துப்போனது. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, ஒரே துண்டில் துடைத்தால் ஒட்டாது, தாம்பத்தியத்தால் ஒட்டாது, கர்ப்பத்தில் குழந்தையைக் கெடுக்காது. இதில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை.

பிறவியிலேயே, அச்சுப் பிசகாமல், தலைமுறை தலைமுறையாக வரும் வெள்ளையும் இருக்கத்தான் செய்கிறது, அது வேறு. குடியாத்தத்தில் ஒரு குடும்பத்தில் கொள்ளுத்தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை நான்கு தலைமுறைக்கு முன்நெற்றியில் வெள்ளை முடிக் கற்றை, வயிற்றில் வெள்ளைத் திட்டு. அது ஒரே மரபணுவின் கோளாறு, பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இறங்கும், வளரவும் வளராது. உடம்பு முழுக்க வெளுத்துக் கண் கூசிப் பிறப்பது அல்பினிசம். இரண்டு பக்கமும் அந்த மரபணு இருந்தால்தான் வரும், அதனால் சொந்தத்தில் கட்டிய வீட்டில் அதிகம். ஊரார் இவை எல்லாவற்றையும் வெள்ளை என்ற ஒரே பெயரில் சேர்த்து, பரம்பரை என்ற ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறார்கள். அத்தைக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்தது இந்த இரண்டும் இல்லை.

வைத்தியத்தைப் பற்றிச் சுருக்கமாக, நீங்கள் கேட்காததால். குணமே ஆகாது என்பதும் தவறு, மூன்று மாதத்தில் அடியோடு போக்குகிறேன் என்ற சுவர் விளம்பரமும் தவறு. முகமும் கழுத்தும் நன்றாகக் கேட்கும். விரல் நுனி, உதடு, பாதம் பிடிவாதம் பிடிக்கும். முடியுள்ள இடத்தில் முடிக்காலிலிருந்து நிறமிச் செல் ஏறி வந்து புள்ளி புள்ளியாகக் கறுக்கும். 311 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் வாரம் இரண்டு மூன்று முறை நிற்பது இன்றைக்கும் முதுகெலும்பான வைத்தியம். ஒரு வருடம் விடாமல் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு முக்கால் பங்கு நிறம் திரும்புகிறது. 2022இல் ரக்சோலிட்டினிப் என்ற களிம்பை அமெரிக்காவில் இதற்கு அனுமதித்தார்கள். நான் முன்பு சொன்ன இன்டர்ஃபெரான் செய்தியை அது செல்லுக்குள் மறிக்கிறது. ஒரு வருடம் பரவாமல் நின்ற திட்டுக்கு ஒட்டு அறுவை இருக்கிறது. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கவேண்டாம். அதில் சோராலென் என்ற பொருள் இருப்பது உண்மைதான், மருத்துவமே அதை அளந்து பயன்படுத்தியிருக்கிறது. அளவில்லாமல் பூசி நம் ஊர் வெயிலில் நின்றால் கொப்புளம் கிளம்பி, அந்தக் காயத்திலேயே வெள்ளை இன்னும் பரவும். வருடத்துக்கு நாலைந்து பேரையாவது அப்படிப் பார்க்கிறேன்.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அத்தையை ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் பார்ப்பார்கள். முடிந்தால் அம்மாவையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள், அவர் கேட்க நினைப்பதை அவரே கேட்கட்டும். மாப்பிள்ளைக்கும் உங்களுக்கும் இப்போது எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. வெண்புள்ளி வருமா என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அத்தைக்குத் தைராய்டு மட்டும் பார்த்துவிடுங்கள். கம்பெனியில் அவர் தொட்ட பசையின் டப்பா, அதன் மேல் ஒட்டிய சீட்டு, போட்டோ எது கிடைத்தாலும் கொண்டுபோங்கள். அவர் இன்னும் ரப்பர் செருப்புத்தான் போடுகிறார் என்றால், அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.